கார் மோதினால் என்ன செய்வது: இன்னும் பிறக்காத என் மகனுக்கு

அன்பு மகனே,

ஊவா மாகாணத்தில் வாழும் சகல ஜனங்களுக்கும், குறிப்பாக இன்னும் பிறக்காத உனக்கும், இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: இன்று ஞாயிற்றுக்கிழமை காலை, கஞ்சி குடித்து முடித்த பிறகு, உன் தகப்பனின் இடது கால் கட்டைவிரல் தானாகவே அசைந்தது. ஒரு முறை அல்ல, இரு முறை. இரண்டாவது அசைவுக்கு என் அம்மா சாட்சி. முதல் அசைவுக்கு ஒரு கோழி சாட்சி. இந்தச் செய்தியைப் பதுளை அரசாங்கக் கச்சேரி வாசலில் ஒட்டினால் நன்றாக இருக்கும். அவ்வளவு தூரம் நடந்து போக எனக்குக் கால் இல்லாததால் (இருக்கிறது, இரண்டு பலகைகளுக்கு நடுவில் கட்டிக் கிடக்கிறது) உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

எனக்கு இப்போது பதினேழு வயது. உனக்கு வயதே ஆரம்பிக்கவில்லை. வழக்கமாகத் தகப்பன்மார்கள் மகனுக்குக் கல்யாணம் என்றாலோ, மகன் கப்பல் ஏறினாலோ, தங்களுக்குத் தலை நரைத்தாலோதான் இவ்வளவு நீளமாக எழுதுவார்கள். நான் முந்திக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு. நீ வளர்ந்து இதைப் படிக்கிற வயதுக்கு வரும்போது நானும் மீசை வைத்து, தொப்பை வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசுகிற ஆளாகியிருப்பேன். அந்த ஆள் உன்னை எதிரே நிற்க வைத்து, "ஒன் வயசுல நான் எப்படி இருந்தேன் தெரியுமாடா?" என்று ஆரம்பிப்பான். அவனை நம்பாதே. உன் வயதில் அவன் எப்படி இருந்தான் என்பதற்கு நான்தான் அத்தாட்சி. வாயைத் தவிர மற்றதெல்லாம் படுத்துக்கிடக்கிறது. உன் அம்மா யார் என்பதும் இன்னும் முடிவாகவில்லை. எனக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. அவளுக்கும் அந்த எண்ணம் இருப்பதாக இதுவரை தகவல் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பக்கத்தில் மாடு முட்டியவர்கள் இருக்கிறார்கள். காட்டுப்பன்றி இடித்துத் தள்ளியவர்கள் இருக்கிறார்கள். அட்டை கடிக்காதவர் என்று ஒருவர்கூட இல்லை. ஆனால் சைக்கிளில் போகும்போது காரால் விழுந்தவன் என்று நம் தேயிலைத் தோட்டத்தில் இதுவரை ஒரே ஓர் ஆள்தான், அது உன் தகப்பன். என் அப்பா தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். வாத்தியார் மகன் பொறுப்பானவனாக இருப்பான் என்ற தவறான எண்ணத்தில், தினமும் ஹல்துமுல்லைத் தபால் கந்தோருக்குப் போய்த் தோட்டத்துக் கடிதப் பையை வாங்கி வருகிற வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதற்காக ஆபீஸ் கிளாக்கர் ஐயா தம்முடைய சொந்த சைக்கிளையும் தந்திருந்தார். போன வாரத்துக்கு முந்தின திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி வாக்கில், ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே ரோடு வளைகிற இடத்தில், தோட்டத்தை நடத்துகிற பெரிய துரையின் காரும் நானும் சந்தித்துக்கொண்டோம். துரை அப்போது காரோடு இல்லை. காரோட்டி காதர் நானா மட்டும் பெரகல கடையில் துரைக்குச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார். பதுளைக்காரர், அதிர்ந்து பேசாத மனிதர். சந்திப்பின் முடிவில் கார் ஒரு விளக்கை இழந்தது. நான் ஒரு காலை இழக்காமல் தப்பித்தேன்.

இதன் பலனாக நாளைக் காலைப் பெரட்டில் துரை காதர் நானாவை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார். பெரட்டு என்பது உன் காலத்தில் இருக்கிறதோ இல்லையோ. விடியும்போது தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் களத்தில் வரிசையாக நின்று, பெயர் கொடுத்து, யாருக்கு எந்த மலை, என்ன வேலை என்று கேட்டுக்கொண்டு போகிற கூட்டம் அது. யாருக்காவது தண்டனை என்றால் அதையும் அங்கேதான் சொல்வார்கள். நடப்பது பெரட்டு, பேசுவது புரட்டு என்று நான் ஏழு வயதிலேயே சொல்லியிருக்கிறேன். என் அப்பா முதன்முதலாகப் பிரம்பை எடுத்ததும் அதே ஏழு வயதில்தான். காதர் நானா மேல் குற்றம் இரண்டு. தோட்டத்துப் பையன் மேல் காரை விட்டது ஒன்று. துரையைக் கேட்காமல் அவருடைய காரிலேயே அந்தப் பையனைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது இன்னொன்று. கார் கொட்டிலை ஒட்டினாற்போல் அவருக்கு ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். அதில்தான் மனைவியும் நாலு பிள்ளைகளும் இருக்கிறார்கள். வேலை போனால் அறையும் போகும். காதர் நானாவின் கட்சி வேறு. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை, வேண்டுமானால் அவர் தம் பிள்ளைகளுக்குத் தனியாகக் கடிதம் எழுதிக்கொள்ளட்டும். என்னைப் பொறுத்தவரை நான் அவரைப் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டேன். படுத்துக்கொண்டு மன்னிப்பது மிகவும் சுலபம், மகனே. அதற்காக எழுந்து எங்கேயும் போக வேண்டியதில்லை.

உன் காலத்தில் எங்கே பார்த்தாலும் கார்தான் இருக்கும். மேலே பார்த்தால் கார்மேகம், கீழே பார்த்தால் மோட்டார் கார். மேலே உள்ளது பெய்யும், கீழே உள்ளது மோதும். ஆகையால் சைக்கிளிலிருந்து விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை இப்போதே தெரிந்துகொள். முதல் காரியம், எழும்பாதே. கேட்கச் சுலபமாக இருக்கும், செய்ய முடியாது. விழுந்தவனுக்கு வலி வருவதற்கு முன்னால் வெட்கம் வந்துவிடும். வலிக்குப் பத்து நிமிஷம் ஆகும், வெட்கம் உடனே ஆஜர். நான் என்ன செய்தேன் என்றால், சட்டென்று எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, இரண்டு அடி நடந்தேன். மூன்றாவது அடியில் கால் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். விழுந்த இடத்திலேயே கிடந்திருந்தால் எலும்பில் கீறலோடு போயிருக்குமாம், எழுந்து நடந்துதான் அதை முறித்துக்கொண்டேனாம். பிறகு டாக்டர் சொன்னார். அதாவது என் காலில் பாதியை உடைத்தது விபத்து, மீதியை உடைத்தது சிரிப்பு.

காதர் நானா கையில் தண்ணீர் வாளியோடு ஓடி வந்தார். "தம்பி, அசைய வேணாம்! அப்படியே கெடங்க!"

"ஒன்னுமில்ல நானா. சும்மா எறங்கினேன்."

"எறங்கினீங்களா? பாதம் பின்னால பாத்துக்கிட்டு நிக்கிது தம்பி. அது வேற ஊருக்கு எறங்கப் போவுதா?"

அதற்குள் மலையிலிருந்து பெண்கள் இறங்கி வந்துவிட்டார்கள். ஒருத்தி தண்ணீர் கொடு என்றாள். ஒருத்தி தண்ணீர் கொடுக்காதே என்றாள். ஒருத்தி காலைப் பிடித்து நேராக இழுத்துவிட்டால் போதும், தன் மாமாவுக்கு அப்படித்தான் இழுத்தார்கள் என்றாள். உன் மாமா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அவர் செத்துப்போய்விட்டாராம். காதர் நானா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நடுவில் நின்று, ஒருவரையும் என்னைத் தொட விடவில்லை. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து என் தலைக்கு அடியில் வைத்தார். இரண்டு நேரான குச்சிகளை வெட்டிக்கொண்டு வரச் சொல்லி, காலின் இரு பக்கமும் வைத்து, தம் சட்டையின் கீழ்ப்பகுதியைக் கிழித்துக் கட்டினார். இதிலிருந்து நீ தெரிந்துகொள்ள வேண்டியது, கூட்டம் கூடினால் அதில் கத்தாத ஆள் யார் என்று பார். உன்னை அந்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இரு. இடித்த காரின் நம்பரையும் பார்த்து வைத்துக்கொள். எனக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை, நம் தோட்டத்தில் இருப்பதே ஒரு கார்.

இரண்டாவது காரியம், வலி இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போ. எனக்கு வலி இருந்ததால் இதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. காதர் நானா வாளித் தண்ணீரைக் காருக்கு ஊற்றிவிட்டு, என்னைப் பின் ஆசனத்தில் நீட்டிப் படுக்க வைத்து, ஹப்புத்தளை, பண்டாரவளை என்று பதுளை வரைக்கும் ஓட்டினார். குழி வரும்போதெல்லாம், "தம்பி, பல்லக் கடிச்சுக்கங்க, இப்ப ஒன்னு வருது," என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தார். உன் தகப்பன் முதன்முதலாகக் கார் ஏறியது இப்படித்தான். பண்டாரவளைக் கடைத்தெருவில் துரையின் காரைப் பார்த்ததும் நாலைந்து பேர் எழுந்து நின்று சலாம் போட்டார்கள். எனக்கு அவர்கள் தெரியவில்லை, அவர்களுக்கு நானும் தெரியவில்லை. இருந்தாலும் மரியாதைக்குப் படுத்தபடியே ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டினேன். அவர்கள் துரைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று கவலைப்பட்டதாகப் பிறகு கேள்வி.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் விளையாடாதே. இதைத் தனியாக அடிக்கோடு போட்டு வைத்துக்கொள். தலையில் அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க அவர் கையை உயர்த்தி, எத்தனை விரல் என்று கேட்டார். "ஒங்களுக்கு அஞ்சு இருக்குமுங்க, நீங்க எனக்குக் காட்டுறது மூணு," என்றேன். நல்ல பதில்தானே? அவருக்குத் தமிழ் அரைகுறை. ஐந்து, மூன்று என்று இரண்டு எண்கள் காதில் விழுந்ததும் மூளை கலங்கிவிட்டது என்று எழுதி, கூட இரண்டு நாள் என்னை வைத்துக்கொண்டார். அந்த இரண்டு நாளும் மணிக்கொரு தரம் ஒருவர் வந்து என் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதே டாக்டர்தான் முதலில் என்ன நடந்தது என்றும் கேட்டார். காதர் நானா வாயைத் திறப்பதற்கு முன் நான், "கார்!" என்று ஒரே ஒரு சொல் சொன்னேன். அங்கே இருந்த எல்லோரும் திரும்பிக் காதர் நானாவைப் பார்த்தார்கள். அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார். நான் வலியில் முனகினேன், கொஞ்சம் அதிகமாகவே முனகினேன்.

மூன்றாவது காரியம், நடந்ததை நடந்த அன்றே எழுதி வை. இல்லாவிட்டால் அது வளரும். ரயிலில் ஹப்புத்தளை வரைக்கும், அங்கிருந்து மாட்டு வண்டியில் தோட்டத்துக்கும் என்னைக் கொண்டுவந்து சேர்த்த நாளிலிருந்து, கார் இடித்தவனைப் பார்க்க மற்றத் தோட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். முதல் நாள் கேட்டவர்களுக்கு நான் தேயிலைச் செடி உயரத்துக்குத் தூக்கி எறியப்பட்டதாகச் சொன்னேன். மறுநாள் வந்தவர்கள் இன்னும் தூரத்திலிருந்து வந்தவர்கள், அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்களைத் தேயிலைச் செடியோடு திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வாக்கில் நான் சவுக்கு மரத்து உச்சியைத் தொட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை வந்த ஒரு பெரியவர், மேலேயிருந்து பார்த்தபோது பதுளை தெரிந்ததா என்று கேட்டார். மேகமாக இருந்தது என்று சொன்னேன்.

இந்தப் பழக்கம் எனக்குப் புதிதல்ல, இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். பையைக் கொண்டுவருகிறவன் நான்தான் என்பதால், லயத்து வரிசை அறைகளில் இருக்கிற, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஊரிலிருந்து வருகிற கடிதங்களைப் படித்துச் சொல்கிறவனும் நான்தான். போன வருஷம் மூக்கன் என்பவருக்குத் திருச்சிப் பக்கத்திலிருந்து அவருடைய தம்பி எழுதியிருந்தார். மழை இல்லை, ஆட்டுக்குச் சுகமில்லை, அவ்வளவுதான். படிக்கிற எனக்கே தூக்கம் வந்தது. ஆகையால் ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது என்று சேர்த்துப் படித்தேன். மூக்கன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! லயம் முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். ஒரு குட்டியைக் கோயிலுக்கு நேர்ந்துவிடச் சொல்லித் தம்பிக்குப் பதில் எழுதச் சொன்னார். எழுதினேன். எந்தக் குட்டி, யார் குட்டி, உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று தம்பியிடமிருந்து பதில் வந்தது. அந்தக் கடிதத்தைப் படிக்க மூக்கன் யாரிடம் வந்தார் என்று நினைக்கிறாய்? வேறு வழியில்லாமல், ஒரு குட்டியை நரி கொண்டுபோய்விட்டதாகப் படித்தேன். மனிதர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, மகனே. இல்லாத ஆட்டுக்குட்டிக்காக ஒரு மனிதர் சாப்பிடாமல் இருப்பதைப் பார்ப்பது அவ்வளவு சிரிப்பாக இல்லை. இன்னொரு குட்டி இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சரி. புதன்கிழமை கிளாக்கர் ஐயா வந்தார். வரும் வழியில் எங்கள் வாசலில் சாத்தியிருந்த சைக்கிளைத்தான் முதலில் பார்த்தார்.

"அடப் பாவி! சக்கரம் அப்பளமாப் போச்சேடா!"

"காலும் போச்சுங்க ஐயா."

"காலு ஒட்டிக்கும்டா. சக்கரம் ஒட்டுமா?" என்று கேட்டுவிட்டு, அரை மனதோடு என் காலையும் பார்த்தார். "தொரை வாக்குமூலம் கேக்குறாரு. எப்புடி விழுந்தேன்னு சுருக்கமா ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. நான் இங்கிலீசுல மாத்திக்கிறேன். கார் மேல பெழைன்னா தொரையே புதுச் சக்கரம் போட்டுக் குடுத்துருவாரு. ஒன் மேல பெழைன்னா, நானும் நடந்து போக வேண்டியதுதான், நீயும் நடந்து போக வேண்டியதுதான். அதுவும் நீ நடந்தாத்தான்."

நான் எழுதினேன்: "சைக்கிளில் போகும்போது துரை அவர்களின் கார் மோதி விழுந்தேன்." கிளாக்கர் ஐயா படித்துப் பார்த்தார். "கார் மோதி விழுந்தேன். ஆமா, கார்தானே மோதுச்சு?" என்றார். "அதான் எழுதியிருக்கேனே ஐயா," என்றேன். அவர் மை காய ஊதிவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, போகும்போது இன்னொரு தரம் சக்கரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். அந்த ஒரு வரியை வைத்துத்தான் துரை முடிவு செய்திருக்கிறார். காதர் நானா சொன்னதற்குக் காகிதம் இல்லை. எனக்குக் காகிதம் இருந்தது.

நேற்றுக் காதர் நானா என்னைப் பார்க்க வந்தார். பதுளையிலிருந்து யாரோ கொண்டுவந்த தொதல் என்கிற இனிப்பில் ஒரு துண்டை வாழையிலையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். என் அம்மா நாற்காலி போட்டும் உட்காரவில்லை. கட்டு இறுக்கமாக இருக்கிறதா, விரல் மரத்துப் போகிறதா என்று கேட்டார். அவருடைய வேலையைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "காலு நல்லாகட்டும் தம்பி. மத்ததெல்லாம் அல்லா பாத்துக்குவான்," என்றார். தொதல் நன்றாகத்தான் இருந்திருக்கும். அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

இன்று மத்தியானம் பாக்கியம் வந்தாள். ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கிறவள். நான் முன்பு சொன்ன அந்த எண்ணம் இவள்தான். அவளுடைய அம்மாவும் கூட வந்திருந்தார். பெரியவர்கள் இரண்டு பேரும் அடுப்படியில் பேசப் போனதும், பாக்கியம் வாசற்படியில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"என்னா வாத்தியார் மவனே, சவுக்கு மரத்து ஒசரத்துக்குப் பறந்தியாமே?"

"ஆமா. நீ பாக்கலியா?"

"மரத்தப் பாத்தேன். ஒன்னையத்தான் அங்க காணோம்."

"நீ கொழுந்தப் பாத்துக்கிட்டு இருந்திருப்பே."

"கொழுந்தப் பாத்தது கையி. கண்ணு ரோட்டுலதான் இருந்துச்சு. கழுகு மாதிரி ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு வந்தியே, பாத்தேன். அப்பறம் நடந்ததையும் பாத்தேன். எங்க நெரையில நின்ன பன்னெண்டு பேரும் பாத்தோம்."

"அப்ப ஏன் யாரும் வாயத் தொறக்கல?"

"எங்கள யாரு கேட்டா? கொழுந்துக்காரி சொன்னா தொரைக்குக் கேக்குமா, காயிதத்துல எழுதினவன் சொன்னாக் கேக்குமா?" அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். "காதர் நானாவோட சின்ன மவ எங்க வாசல்லதான் வந்து வெளையாடும். நேத்து வந்து, 'அக்கா, பதுளையில நமக்கு வீடு இருக்கா?'ன்னு கேக்குது. நான் என்னாத்தச் சொல்ல? நீ நல்லாச் சேத்துச் சேத்துச் சொல்லுவியே, நீயே சொல்லு, என்னா சொல்லணும்னு."

நான் காலில் கட்டியிருந்த பலகைகளை எண்ணிப் பார்த்தேன், அதே இரண்டுதான். பாக்கியம் போகும்போது, "நாளைக்குப் பெரட்டுல நான் மொத வரிசையில நிப்பேன். நீ வந்தாலும் பாப்பேன். வராட்டி, நீ நிக்காத எடத்தப் பாப்பேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகவே மகனே, மேலே எழுதிய சிலவற்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. காதர் நானாவை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதினேன். மன்னிப்பதற்கு அவர் ஒன்றும் செய்யவில்லை. கார் ஓடிக்கொண்டிருக்கவில்லை. ஏற்றத்தில் வந்து சூடேறிப்போனதால், ரோட்டு ஓரத்தில் புல்லின் மேல், மிகவும் ஒழுங்காக நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஆள்கூட இல்லை. காதர் நானா வாளியை எடுத்துக்கொண்டு ஓடையில் தண்ணீர் மொள்ளப் போயிருந்தார். நான் இறக்கத்தில் வந்தேன். பாக்கியம் பார்க்கிறாள் என்று தெரிந்து இரண்டு கைகளையும் விட்டேன். கண்ணை ரோட்டில் வைக்காமல் மலையில் வைத்தேன். கார் என்னை இடிக்கவில்லை, நான்தான் போய் அதை இடித்தேன். பறந்ததும் இல்லை. காரின் மேல் மடிந்து விழுந்து, மெதுவாகச் சரிந்து இறங்கினேன்.

அந்த வரியும் பொய் இல்லை, அதுதான் மோசம். "காரில் மோதி விழுந்தேன்" என்று எழுதப் போய், "கார்" வரைக்கும் எழுதியதும் என் பேனா நின்றது. கிளாக்கர் ஐயா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும், சவுக்கு மரமும், எல்லாம் என் கண் முன்னால் வந்தன. "இல்" என்பதை விட்டுவிட்டு "மோதி" என்று எழுதினேன். மறந்து விடவில்லை, தெரிந்துதான் விட்டேன். இல் என்றால் வீடு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் ஓர் இல்லை எடுத்ததில் காதர் நானாவுக்கு இல்லம் இல்லாமல் போகப் போகிறது. இவ்வளவு கெட்டிக்காரத்தனமான சொல்விளையாட்டு நான் இதுவரை செய்ததில்லை. செய்ததிலேயே எனக்குச் சிரிப்பு வராததும் இதுதான்.

சற்று முன்னால் என் அப்பாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பிரம்பைத் தேடுவார் என்று நினைத்தேன். அவர், "ஏழாம் வேற்றுமை உருபையாடா முழுங்கினே?" என்று கேட்டார். ஏழாம் நம்பர் மலையைப் பார்த்ததில் ஏழாம் வேற்றுமை போய்விட்டது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை மட்டும் சொல்லாமல் விட்டேன். என் வாழ்நாளில் நான் விட்டுக்கொடுத்த முதல் வேடிக்கை அதுதான். காலையில் அவரும் பக்கத்து வீட்டுக்காரரும் என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. இன்னொரு காகிதம் எழுதிக் கொடுத்தால் போதாதா என்று கேட்டுப் பார்த்தேன். நான் எழுதுவதை இனிமேல் தம்மால் நம்ப முடியாது, நானே போய் வாயால் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டார். பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிட விடிவதற்கு முன்பே தப்பு மேளம் அடிப்பார்கள். அந்தத் தப்பைக் கேட்டுத் தோட்டமே களத்துக்கு வரும். இந்தத் தப்பைச் சொல்ல நான் நாற்காலியில் வருவேன்.

சொல்லப்போவதை இங்கே எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். "தொரை, கார் ஓரமா நின்னுக்கிட்டு இருந்துச்சுங்க. உள்ள ஆளே இல்ல. நாந்தான் போயி அதுல மோதினேன். காதர் நானா மேல ஒரு பெழையும் இல்ல. என் காலக் காப்பாத்தினதே அவருதான்." இவ்வளவுதான். எந்த எழுத்தை எடுத்தாலும் இதை மாற்ற முடியாது என்று மூன்று முறை பார்த்துவிட்டேன். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஒரே ஒரு கேள்விக்குத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. பாக்கியம் முதல் வரிசையில் நிற்கும்போது, "காரைப் பார்த்ததும் என்ன செய்தாய்? பிரேக் பிடித்தாயா?" என்று துரை கேட்டுவிட்டால் என்ன சொல்வது? பிடிக்கவில்லை, மகனே. கையை அவசரமாகக் கீழே கொண்டுவந்தேன், அது பிரேக்குக்குப் போகவில்லை. ஓரமாக நின்றுகொண்டிருந்த, உள்ளே ஆள்கூட இல்லாத அந்தக் காருக்கு உன் தகப்பன் மணி அடித்தான். நன்றாகக் கேட்கும்படி இரண்டு முறை அடித்தான். அது விலகவில்லை.